ஏழரை நிமிட ராக்கெட்டும் சூரியக் குடும்பத்துத் தூசியும்

கேள்வி இது: “ஜேம்ஸ் வெப் மாதிரி தொலைநோக்கியே மேலே இருக்கும்போது, ஏழெட்டு நிமிடம் பறந்து விழுந்துவிடும் ராக்கெட்டில் அகச்சிவப்புக் கருவியை ஏற்றி, கோள்களுக்கு இடையில் கிடக்கும் தூசியை ஏன் ஆராய்கிறார்கள்? அந்தத் தூசியில் தெரிந்துகொள்ள அப்படி என்ன இருக்கிறது?”

இரண்டாவது பாதியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். தூசி எங்கே இருக்கிறது என்று தெரியாமல் ராக்கெட்டைப் பற்றிப் பேசினால் புரியாது.

அந்தத் தூசியை நீங்கள் பார்த்தே இருக்கலாம், தூசி என்று தெரியாமல். சில வருடங்களுக்கு முன் ஒரு பிப்ரவரி மாதம் ஜவ்வாது மலையில் வானம் பார்க்கப் போயிருந்தோம். அந்தி முழுக்க அடங்கிய பிறகும் மேற்கே அடிவானத்திலிருந்து ஒரு மங்கலான வெளுப்பு கூம்பு மாதிரி எழுந்து நின்றது. திருப்பத்தூர் விளக்கு வெளிச்சம் என்றுதான் நினைத்தேன். கூட வந்த நண்பர், “ஊர் வெளிச்சம் கார்த்திகைக் கூட்டம் வரைக்கும் ஏறுமா சார்?” என்று கேட்ட பிறகுதான் உறைத்தது. அது ராசிமண்டல ஒளி. சூரியன் போகும் பாதை நெடுக, அதாவது ராசிகள் இருக்கும் பட்டையில், தூசி பரவிக் கிடக்கிறது. அதில் பட்டுத் திரும்பும் வெயில்தான் அது. நம் ஊர் நிலநடுக்கோட்டுக்குப் பக்கம் என்பதால் அந்தப் பட்டை ஏறக்குறைய செங்குத்தாக நிற்கும். விளக்கு வெளிச்சம் இல்லாத இடம் கிடைத்தால் ஐரோப்பாவில் இருப்பவர்களைவிட நமக்கு இது எளிதாகத் தெரியும். விடியலுக்கு முன் கிழக்கிலும் இதே கூம்பு வரும். பஜ்ர் தொழுகையின் நேரம் பற்றிப் பேசும் நூல்கள் ‘ஃபஜ்ர் காதிப்’, பொய் வைகறை, என்று இதைத் தனியாகப் பிரித்து வைத்திருக்கின்றன. அதைக் கண்டு ஏமாந்து நேரத்தைத் தவறாகக் கணித்துவிடக்கூடாது என்பதற்காக. ஐரோப்பிய வானியலில் காசினி 1683இல் இதை முறையாகக் கவனித்து எழுதினார்.

இந்த ஒளிக்குக் காரணமான துகள்கள் பெரும்பாலும் 10 முதல் 100 மைக்ரான் வரை உள்ளவை (மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). நம் தலைமுடியின் தடிமனை நினைத்துக்கொள்ளுங்கள், அதைச் சுற்றிய அளவுதான். இவை அங்கே நிரந்தரமாக இருப்பவை அல்ல என்பதுதான் விஷயம். சூரிய ஒளியை உள்வாங்கித் திருப்பி உமிழும் ஒவ்வொரு துகளும், ஓடுகிற ஓட்டத்தில் தன் வேகத்தைத் துளித்துளியாக இழக்கிறது. பாயின்டிங்-ராபர்ட்சன் இழுப்பு என்று பெயர். மழையில் வண்டி ஓட்டினால் எதிர்ச்சாரல் முகத்தில் அடிப்பது மாதிரி, ஓடும் துகளுக்கு ஒளியும் முன்பக்கம் கொஞ்சம் கூடுதலாக அடிக்கும். விளைவு, பூமியின் தூரத்தில் இருக்கும் 10 மைக்ரான் துகள் ஒன்று சில பத்தாயிரம் ஆண்டுகளில் சுருள் சுருளாகச் சுற்றிச் சூரியனிடமே போய்ச் சேர்ந்துவிடும். சூரியக் குடும்பத்தின் வயது 450 கோடி ஆண்டுக்கு மேல். அப்படியென்றால் இன்று நாம் பார்க்கிற தூசி முழுக்கப் புதுச்சரக்கு. யாரோ விடாமல் கொட்டிக்கொண்டே இருக்கிறார்கள்.

யார் என்பதுதான் கேள்வி. சந்தேகப்படும்படி இரண்டு பேர். செவ்வாய்க்கும் வியாழனுக்கும் இடையில் ஒன்றோடொன்று மோதிப் பொடியாகும் சிறுகோள்கள் ஒன்று. சூரியனுக்கு அருகே வரும்போது உருகி உதிரும் வால்நட்சத்திரங்கள் இன்னொன்று.

இந்தத் தூசி மேல் அக்கறை உள்ள இன்னொரு கூட்டமும் உண்டு. அவர்களுக்குத் தூசி பிடிக்கவே பிடிக்காது. பிரபஞ்சத்தின் எல்லா விண்மீன் திரள்களும் தொடக்கத்திலிருந்து இன்று வரை உமிழ்ந்த ஒளியின் மொத்தத்தை, அதாவது பின்னணி ஒளியை, அளக்க நினைக்கும் அண்டவியல்காரர்கள் அவர்கள். எந்தத் திசையில் பார்த்தாலும் தூசியின் வெளிச்சம் குறுக்கே நிற்கிறது, அதுவும் அவர்கள் தேடுவதைவிடப் பல மடங்கு பிரகாசமாக. பஸ்ஸில் அழுக்குக் கண்ணாடி வழியாக வெளியே பார்க்கிறவர் நிலைமைதான். கண்ணாடியில் எவ்வளவு அழுக்கு என்று துல்லியமாகத் தெரிந்தால்தான் வெளியே உள்ளதைப் பற்றி எதுவும் சொல்ல முடியும். 

சரி, ராக்கெட்டுக்கு வருவோம். தரையிலிருந்து ஏன் அளக்க முடியாது?

தூசி நம் கருவிக்கு இரண்டு விதமாகத் தெரியும். சுமார் 3.5 மைக்ரான் அலைநீளத்துக்குக் கீழே அது சூரிய ஒளியைச் சிதறடித்துத் தெரிகிறது. அதற்கு மேலே தன் சொந்த வெப்பத்தால் ஒளிர்கிறது. பூமியின் தூரத்தில் ஒரு துகளின் வெப்பநிலை ஏறத்தாழ 280 கெல்வின், ஊட்டியின் குளிர்கால இரவு மாதிரி. அந்த வெப்பநிலையில் உள்ள பொருள் 10 மைக்ரான் சுற்றி அதிகமாக ஒளிரும். துரதிர்ஷ்டம் என்னவென்றால் நம் வளிமண்டலமும், தொலைநோக்கியின் கண்ணாடியும், அதைப் பிடித்திருக்கும் இரும்புச் சட்டமும் கிட்டத்தட்ட அதே வெப்பநிலையில் இருப்பவை. எல்லாமே அதே 10 மைக்ரானில் கண்ணைக் கூசச் செய்யும். குறைந்த அலைநீளத்துக்குப் போனால் இந்தத் தொல்லை இல்லை, வேறு தொல்லை: சுமார் 85, 90 கிலோமீட்டர் உயரத்தில் ஹைட்ராக்சில் மூலக்கூறுகள் இரவு முழுக்கத் தாமாகவே ஒளிர்கின்றன. கண்ணுக்குத் தெரியாது, ஆனால் 1.6 மைக்ரான் பக்கம் அது தூசியின் ஒளியைவிட நூற்றுக்கணக்கான மடங்கு அதிகம். நிமிடத்துக்கு நிமிடம் அலை அலையாக மாறவும் செய்யும், எனவே கழித்துவிடலாம் என்றும் இருக்க முடியாது. பலூன் ஏறக்குறைய 40 கிலோமீட்டர் வரைதான் போகும். அந்த ஒளிரும் அடுக்குக்கு மேலே போக ராக்கெட்தான் வேண்டும், சுற்றுப்பாதைக்குப் போகாமல் மேலே போய் விழும் சவுண்டிங் ராக்கெட்டே போதும். 1963 நவம்பரில் தும்பாவிலிருந்து முதலில் ஏவியதும் இந்த வகைதான்.

நேரம் எவ்வளவு கிடைக்கும்? பள்ளிக்கூடக் கணக்குதான். உச்சி 330 கிலோமீட்டர், 100 கிலோமீட்டருக்கு மேலே உள்ள நேரம் மட்டும் நமக்குப் பயன். இடையில் 230 கிலோமீட்டர். அந்த உயரத்தில் ஈர்ப்பு முடுக்கம் சுமார் 9.2. உச்சியிலிருந்து 230 கிலோமீட்டர் விழ 224 விநாடி. ஏறவும் அதே நேரம். மொத்தம் 448 விநாடி, ஏழரை நிமிடம். நம் ஊரில் ஏழரை என்றாலே ஒரு பயம், இங்கே அதற்காக ஏங்குகிறார்கள்.

அந்த ஏழரை நிமிடம் எப்படிப் போகும் என்று ஒரு உதாரணத்தோடு பார்க்கலாம். சைபர் என்ற திட்டம். கால்டெக்கின் ஜேமி போக் தலைமையில் அமெரிக்கர்கள், ஜப்பானியர்கள், கொரியர்கள் சேர்ந்து செய்தது. அர்வைன் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் அசந்த குரே, இலங்கையில் பிறந்தவர், இந்தக் குழுவில் ஒருவர். நியூ மெக்சிகோவின் வைட் சாண்ட்ஸ் ஏவுதளத்திலிருந்து 2009 பிப்ரவரியிலும், 2010 ஜூலையிலும், 2012 மார்ச்சிலும் ‘பிளாக் பிராண்ட் 9’ ராக்கெட்டில் பறந்தது. கீழே டெரியர் என்ற பழைய ஏவுகணை மோட்டார், அதன் மேல் பிளாக் பிராண்ட் மோட்டார், அதன் மேல் கருவிகள். கருவி என்றால் ஒரு தகரப் பீப்பாய்க்குள் நான்கு சின்னத் தொலைநோக்கிகள்: படம் எடுக்க இரண்டு, நிறமாலை எடுக்க இரண்டு. எல்லாவற்றையும் திரவ நைட்ரஜன் ஊற்றி 77 கெல்வினுக்கு, அதாவது மைனஸ் 196 டிகிரிக்கு, குளிரவைத்திருப்பார்கள்.

முதல் மோட்டார் ஆறேழு விநாடியில் எரிந்து முடியும். இரண்டாவது அரை நிமிடம் எரியும். அப்புறம் இயந்திரம் இல்லை, எறிந்த கல் போகிற மாதிரிதான். நிலையாகப் போவதற்காக ராக்கெட்டைச் சுழலவிட்டிருப்பார்கள். இப்போது கயிற்றில் கட்டிய எடைகளை வெளியே வீசி அந்தச் சுழற்சியை நிறுத்துவார்கள். கருவிப் பகுதி மோட்டாரிலிருந்து பிரியும், பக்கவாட்டில் வாயுவைப் பீய்ச்சித் தன்னைத் திருப்பிக்கொள்ளும், நட்சத்திரங்களைப் பார்த்து திசை பிடிக்கும், கதவு திறக்கும். வானத்தின் ஒரு துண்டை ஒரு நிமிடம் போலப் பார்த்துவிட்டு அடுத்ததற்குத் திரும்பும். இப்படி ராசிப் பட்டைக்கு அருகே சில, தள்ளிச் சில. இறங்கும்போது கதவு மூடும், கீழே வந்ததும் பாராசூட் விரியும், பாலைவனத்தில் விழுந்ததை ஹெலிகாப்டரில் போய்த் தூக்கி வருவார்கள்.

இதில் அந்தக் குளிர்ந்த ஷட்டரைப் பற்றிச் சொல்ல வேண்டும். டிடெக்டருக்கு முன்னால் ஒரு மூடி. அதுவும் 77 கெல்வினில். அதை மூடினால் டிடெக்டருக்கு எந்த ஒளியும் வராது. அப்போது அது காட்டும் அளவுதான் பூஜ்யம். மளிகைக் கடையில் தட்டை வைத்து தராசைப் பூஜ்யமாக்கிவிட்டு அப்புறம் பருப்பைக் கொட்டுவார்களே, அதே வேலை. வானம் முழுக்கப் பரவிய ஒளியை அளக்க இது இல்லாமல் முடியாது. ஒரு நட்சத்திரத்தை அளக்கிறவருக்குப் பக்கத்து வெற்றிடத்தைக் கழித்தால் போதும். இங்கே வெற்றிடமே இல்லை, பக்கத்திலும் அதே ஒளிதான்.

இப்போது உங்கள் முதல் பாதிக்கு வந்துவிட்டோம். ஜேம்ஸ் வெப் ஏன் போதாது?

பெரிய கண்ணாடி என்றால் எல்லாவற்றுக்கும் நல்லது என்று நினைப்பது இயல்பு. புள்ளியாகத் தெரியும் பொருளுக்கு அது சரி. பரவிய ஒளிக்கு அப்படியல்ல. ஒரு பிக்சலுக்கு எவ்வளவு ஒளி வரும் என்பது கண்ணாடியின் பரப்பையும், அந்தப் பிக்சல் வானத்தில் எவ்வளவு இடத்தைப் பார்க்கிறது என்பதையும் பெருக்கினால் கிடைப்பது. சைபரின் குறும்பட்டை நிறமாலைமானியில் லென்ஸ் வெறும் 7.5 சென்டிமீட்டர். வீட்டுப் பைனாகுலரைவிடக் கொஞ்சம் பெரிது. ஆனால் அதன் 256க்கு 256 பிக்சல் டிடெக்டர் எட்டரை பாகை அகல வானத்தைப் பார்க்கிறது, அதாவது ஒரு பிக்சலுக்கு 120 விகலை (ஒரு பாகையில் 3,600 விகலை). ஜேம்ஸ் வெப்பின் கண்ணாடி 25 சதுர மீட்டர், ஆனால் அதன் நியர்கேம் என்ற அகச்சிவப்புக் கேமராவின் பிக்சல் குறைந்த அலைநீளத்தில் 0.03 விகலைதான். இரண்டையும் பெருக்கிப் பாருங்கள்: அந்தச் சின்ன லென்ஸின் ஒரு பிக்சல், ஜேம்ஸ் வெப்பின் ஒரு பிக்சலைவிட 2,500 மடங்குக்கு மேல் பரவிய ஒளியை வாங்குகிறது. ஜேம்ஸ் வெப்புக்குத் தூசி ஒளி என்பது முதல் வேலையாகக் கழித்துத் தூக்கி எறிய வேண்டிய பின்புலம். வேறு வேலைக்காகச் செய்த கருவி தூசி ஒளியை எறிகிறது, தூசி ஒளிக்காகவே செய்த கருவி அதை அளக்கிறது, அவ்வளவுதான்.

ராக்கெட்டுக்கு இன்னொரு வசதி, திரும்பி வருவது. 2009இல் முதல் தடவை பறந்தபோது, மேலேறுகையில் காற்று உரசிச் சூடான ராக்கெட்டின் வெளித்தோல் அகச்சிவப்பில் ஒளிர்ந்து, அந்த ஒளி சிதறி கருவிக்குள் வந்துவிட்டது. செயற்கைக்கோளாக இருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். இங்கே கருவியை எடுத்துவந்து, கதவு திறந்ததும் வெளியே நீண்டு அந்தத் தோலை மறைக்கும் குழாய்களைப் பொருத்தி, மறுபடி அனுப்பினார்கள்.

ராக்கெட்டின் சொந்த வெப்பமும் சொந்த அழுக்கும் இந்தத் துறையில் பழைய எதிரிகள். 1968இல் கந்தையா சிவானந்தன், ஜேம்ஸ் ஹௌக், மார்ட்டின் ஹார்விட் மூவரும் ராக்கெட்டில் ஒரு தொலை அகச்சிவப்புக் கருவியை அனுப்பி, 0.4 முதல் 1.3 மில்லிமீட்டர் வரையிலான அலைநீளத்தில் வானம் எதிர்பார்த்ததைவிட மிகப் பிரகாசமாக இருப்பதாக வெளியிட்டார்கள். பெருவெடிப்பின் எச்சமான 3 கெல்வின் கதிர்வீச்சு கண்டுபிடிக்கப்பட்ட புதிது, இவர்களுக்கு 8 கெல்வின் போல வந்தது. பலர் மண்டையைக் குடைந்தார்கள். பின்னால் வந்த அளவீடுகளில் அந்த மிகை இல்லவே இல்லை. இதற்காக அவர்களைக் குறைசொல்ல மாட்டேன். திரவ ஹீலியத்தில் குளிரவைத்த தொலைநோக்கியை ராக்கெட்டில் பறக்கவிடுவது எப்படி என்று உலகத்துக்கே யாரும் சொல்லிக்கொடுத்திராத காலம் அது. அவர்களில் இருவர் இருந்த கார்னெல் பல்கலைக்கழகக் குழு, சோய்ஃபர், ஹௌக், ஹார்விட், 1971இல் அத்தகைய ராக்கெட் தொலைநோக்கியால் கோளிடைத் தூசியின் வெப்ப ஒளியை அளந்து காட்டியது. சிதறிய வெயிலாகத் தெரிந்த தூசி, இங்கே தன் சொந்த வெப்பத்தில் தெரிந்தது.

1980இலும் 1981இலும் அமெரிக்க விமானப்படை ஆய்வகம் இதற்கென்றே ஒரு திட்டம் நடத்தியது. 2 முதல் 30 மைக்ரான் வரை அளந்தார்கள். இதில் எனக்குப் பிடித்த விஷயம், சூரியனுக்கு மிக அருகே, 22 பாகை வரை நெருங்கிப் பார்த்தார்கள். 1983இல் வந்த ஐராஸ் செயற்கைக்கோளோ, 1989இல் வந்த கோப் செயற்கைக்கோளோ 60 பாகைக்கு உள்ளே வர முடியவில்லை. வெயில் உள்ளே விழுந்துவிடும். ராக்கெட்டுக்கு எப்படி முடிந்தது? பூமியையே குடையாகப் பிடித்துக்கொண்டார்கள். சூரியன் அடிவானத்துக்குக் கீழே இருக்கும் நேரத்தில் ஏவினால், சூரியன் மறைந்திருக்கும், அதன் பக்கத்து வானம் மட்டும் அடிவான விளிம்புக்கு மேலே தெரியும். தூசி மேகத்தின் உள்பகுதி அங்கேதான் இருக்கிறது.

ஐராஸ் தந்தது வேறு மாதிரி பரிசு. ராசிப் பட்டையின் இருபுறமும் இணைகோடுகள் போல மெல்லிய தூசிப் பட்டைகள் தெரிந்தன. அவை சில குறிப்பிட்ட சிறுகோள் குடும்பங்களின் சாய்வோடு பொருந்தின; வெரிட்டாஸ் குடும்பம், சுமார் 80 லட்சம் ஆண்டுகளுக்கு முன் உடைந்த ஒரு சிறுகோளின் வாரிசுகள், அதில் ஒன்று. சிறுகோள்தான் குற்றவாளி என்று வழக்கை முடித்துவிடலாம் போலிருந்தது. ஆனால் பட்டைகள் மொத்த ஒளியில் சிறு பங்கே. 2010இல் டேவிட் நெஸ்வோர்னியும் குழுவும், ஐராஸ் பார்த்த மேகத்தின் தடிமனுக்குச் சிறுகோள் தூசி போதாது, வியாழனின் ஈர்ப்பில் சிக்கிய குறுங்கால வால்நட்சத்திரங்களே 85 விழுக்காட்டுக்கு மேல் தர வேண்டும் என்று கணக்கிட்டார்கள்.

வேடிக்கை என்னவென்றால், அதே 2010இல் சைபரின் முதல் நிறமாலை முடிவு வந்தது, எதிர்த்திசையில். சுமுரா என்ற ஜப்பானிய ஆய்வாளர் தலைமையில் 0.75 முதல் 2.1 மைக்ரான் வரை எடுத்த நிறமாலையில், தூசியின் ஒளி வெயிலைவிடச் சிவப்பாக இருந்தது; 0.9 மைக்ரான் பக்கம் அகலமான ஒரு பள்ளமும் இருந்தது. அதுவரை யாரும் பார்த்திராதது. சிலிகேட் பாறைக் கனிமங்களின் கைரேகை அந்தப் பள்ளம். எஸ் வகைச் சிறுகோள்களின் நிறமாலையோடு அது ஒத்துப்போனது. (ஜப்பானின் ஹயபுசா விண்கலம் இடோகாவா என்ற சிறுகோளிலிருந்து துகள்களைக் கொண்டுவந்ததும் அதே 2010இல்தான். இடோகாவாவும் எஸ் வகை.)

அப்படியானால் யார் சொல்வது சரி? இரண்டும் சரியாக இருக்க முடியும், எந்த நிறத்தில் பார்க்கிறோம் என்பதைப் பொறுத்தது. வால்நட்சத்திரத் தூசி கரி மாதிரி கறுப்பு, விழும் ஒளியில் 4 விழுக்காடு போலத்தான் திருப்பும். எஸ் வகைப் பாறை 20 விழுக்காடு திருப்பும். ஒரே அளவான 100 துகள்களை வைத்துக்கொள்வோம், 80 வால்நட்சத்திரத்திலிருந்து, 20 சிறுகோளிலிருந்து. குறைந்த அலைநீளத்தில், சிதறிய வெயிலில், கறுப்பு 80இன் பங்கு 3.2, வெளுப்பு 20இன் பங்கு 4. சிறுபான்மை பாதிக்கு மேல் பிரகாசம்! இதே 100 துகளைப் 10 மைக்ரானில், வெப்ப ஒளியில் பாருங்கள். திருப்பாமல் உள்வாங்கியதுதான் வெப்பமாக வெளியே வரும்: கறுப்பு 80க்கு 76.8, வெளுப்பு 20க்கு 16. இப்போது சிறுகோள் பங்கு ஆறில் ஒன்றுதான். கணக்கு என் சொந்தக் கணக்கு, விகிதம் ஒரு உதாரணத்துக்கு. ஆனால் தர்க்கம் சைபர் குழுவே சொன்னதுதான்: சிறுகோள் தூசி பூமிக்கு அருகே இருக்கிறது, அதிகம் திருப்புகிறது, அதனால் அவர்கள் கருவிக்குத் தூக்கலாகத் தெரிகிறது. ஒரே மேகத்தை இரண்டு அலைநீளத்தில் பார்க்காமல் எவ்வளவு, யாருடையது என்று தீர்ப்பு சொல்ல முடியாது.

அடுத்து வருவதுதான் இந்த முழுக்கதையில் எனக்கு மிகப் பிடித்த பகுதி.

தூசி ஒளியைக் கழிக்க எல்லோரும் பயன்படுத்துவது கெல்சால் மாதிரி. கோப் செயற்கைக்கோளின் டர்பி கருவி எடுத்த தரவிலிருந்து 1998இல் உருவாக்கியது. அதன் அடிப்படை எளிது: பூமி சூரியனைச் சுற்றும்போது தூசி மேகத்துக்குள்ளேயே நகர்கிறது, எனவே ஒரே திசையின் பிரகாசம் மாதத்துக்கு மாதம் மாறும். மாறுவது தூசி, மாறாதது பிரபஞ்சம். நல்ல யோசனைதான். ஆனால் தூசியிலேயே எல்லாத் திசையிலும் எல்லா மாதத்திலும் ஒரே சீராக இருக்கும் பகுதி ஒன்று இருந்தால்? மாதிரி அதைப் பிரபஞ்சக் கணக்கில் எழுதிவிடும். வீட்டில் எப்போதும் ஓடும் ஃப்ரிட்ஜின் சத்தம் நம் காதில் விழாத மாதிரி.

இதைப் பிடிக்கத்தான் அந்த 7.5 சென்டிமீட்டர் நிறமாலைமானி. சூரியனின் ஒளியில் 854.2 நானோமீட்டரில் ஒரு கறுப்புக் கோடு உண்டு, சூரியனின் மேல் அடுக்கில் உள்ள கால்சியம் அயனி அந்த நிறத்தை விழுங்கிவிடுவதால். ஃப்ரான்ஹோஃபர் கோடுகளில் ஒன்று. தூசி வெயிலைத் திருப்பும்போது இந்தக் கோட்டையும் சேர்த்துத் திருப்புகிறது. தொலைவிலுள்ள விண்மீன் திரள்களின் ஒளியில் இந்தக் கோடு ஒவ்வொன்றுக்கும் வேறுவேறு இடத்துக்கு நகர்ந்து, எல்லாம் சேர்ந்து கலங்கி மறைந்திருக்கும். ஆக, அந்த இடத்தில் பள்ளம் எவ்வளவு ஆழமோ அவ்வளவு வெயில், அவ்வளவு தூசி. எந்த மாதிரியும் தேவையில்லை. பருவ மாற்றமும் தேவையில்லை. தூசியிடம் சூரியன் போட்ட முத்திரையைத் தேடினால் போதும்.

கருவியின் செய்முறையும் அழகு. சாதாரண நிறமாலைமானி மாதிரி பிளவு, முப்பட்டகம் எதுவும் கிடையாது. மிகக் குறுகிய நிறத்தை மட்டும் விடும் ஒரு ஃபில்டர், அவ்வளவுதான். அத்தகைய ஃபில்டரில் ஒளி நேராக விழுந்தால் ஒரு நிறம் போகும், சாய்வாக விழுந்தால் கொஞ்சம் குறைந்த அலைநீளம் போகும். பார்வைப் புலம் அகலம் என்பதால் நடுவிலிருந்து ஓரத்துக்குப் போகப் போகச் சாய்வு கூடும். எனவே படத்தில் ஒவ்வொரு வளையமும் ஒரு நிறம். வானம் சீராக இருந்தால், கால்சியம் கோடு ஒரு கறுப்பு வளையமாக விழ வேண்டும். வளையம் வளையமாகச் சராசரி எடுத்தால் நிறமாலை வந்துவிடும். நம் பால்வீதியின் நட்சத்திரங்களிலும் இதே கால்சியம் கோடு இருப்பதுதான் சிக்கல். அவற்றை மறைத்து, மீதியைக் கணித்துக் கழிக்க வேண்டியிருக்கிறது. அதில்தான் பெரும்பாடு.

இந்தக் கோடுகளை வைத்துத் தூசியைத் துரத்திய இன்னொருவரை உங்களுக்குத் தெரிந்திருக்கும். குயீன் இசைக்குழுவின் கிட்டார் கலைஞர் பிரையன் மே. 1970களின் தொடக்கத்தில் டெனெரிஃப் தீவிலிருந்து மக்னீசியக் கோட்டின் டாப்ளர் நகர்வை அளந்து, தூசி எந்த வேகத்தில் ஓடுகிறது என்று பார்த்தார். நடுவில் பாட்டு வந்து கூப்பிட்டது. ஆய்வேட்டை முடித்து இம்பீரியல் கல்லூரியில் முனைவர் பட்டம் வாங்கியது 2007இல். சைபரின் கருவிக்கு அந்த வேகத்தைப் பார்க்கும் கூர்மை கிடையாது, அதன் வேலையும் அதுவல்ல.

சைபர் கோட்டின் விடை வர நாளானது. ஃபில் கோர்ன்கட் தலைமையில் 2022இல்தான் முழு ஆய்வு வெளியானது. தூசியின் ஒளி, கெல்சால் மாதிரி சொல்வதைவிடக் கூடுதல். எல்லாத் திசையிலும் சீரான ஒரு பகுதியை அந்த மாதிரியோடு சேர்த்தால் பொருந்துகிறது. அளவீட்டுப் பிழையும் சிறியதல்ல, அதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் இதன் பொருளை யோசியுங்கள். 2017இல் அதே ராக்கெட்டின் இன்னொரு நிறமாலைமானி, கெல்சால் மாதிரியைக் கழித்த பிறகு, எல்லா விண்மீன் திரள்களையும் கூட்டினாலும் விளக்க முடியாத மிகையான பின்னணி ஒளி இருக்கிறது என்று அறிவித்திருந்தது. ஒரே பீப்பாய்க்குள் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து போன இரண்டு கருவிகளில் ஒன்று, மற்றது கண்ட புதையலில் கணிசமான பங்கு நம் வாசல் தூசியாக இருக்கலாம் என்கிறது. அந்தச் சீரான தூசி எங்கிருந்து வரும்? எல்லாச் சாய்விலும் வரும் நெடுங்கால வால்நட்சத்திரங்கள் உதிர்ப்பது சூரியனைச் சுற்றிப் பந்துபோலப் பரவும், தட்டையாக அல்ல. அது ஒரு வாய்ப்பு.

தூசியைத் தாண்டியே போய்ப் பார்த்தால் என்ன என்று கேட்பீர்கள். புளூட்டோவைத் தாண்டிப் போன நியூ ஹொரைசன்ஸ் அதைச் செய்தது. தூசி அங்கே அநேகமாக இல்லை. முதலில் கொஞ்சம் மிகை இருப்பதாகச் சொன்னார்கள். 2024இல் வெளியான இன்னும் கவனமான அளவீட்டில், கண்ணுக்குத் தெரியும் ஒளியில், பின்னணி ஒளி விண்மீன் திரள்களின் கூட்டுத்தொகையோடு ஒத்துப்போய்விட்டது. ஆனால் அந்த விண்கலத்தின் கேமரா பார்ப்பது ஏறக்குறைய 0.9 மைக்ரான் வரைதான், அகச்சிவப்பில் வழக்கு இன்னும் திறந்தே இருக்கிறது.

சைபரின் நான்காவது பயணம் 2013 ஜூன் 5 இரவு, வைட் சாண்ட்ஸில் அல்ல, வர்ஜீனியாவின் வாலப்ஸ் தீவிலிருந்து. இந்த முறை நான்கு கட்ட ‘பிளாக் பிராண்ட் 12’. 577 கிலோமீட்டர் வரை போனது, ஏழரை நிமிடத்துக்குப் பதில் பத்து நிமிடத்துக்கு மேல் கிடைத்தது. விலை: அட்லாண்டிக்கில் விழும், திரும்ப எடுக்க முடியாது. மூன்று தடவை போய் வந்த கருவியை, தெரிந்தே கடலில் விட்டார்கள்.

அதன் வாரிசாக 28.5 சென்டிமீட்டர் தொலைநோக்கியோடு சைபர்-2, 2021 ஜூனில் வைட் சாண்ட்ஸிலிருந்து பறந்தது. 2025 மார்ச்சில் ஏவிய ஸ்ஃபியர்எக்ஸ் செயற்கைக்கோளுக்கும் தலைவர் அதே ஜேமி போக்தான். 20 சென்டிமீட்டர் தொலைநோக்கி, 0.75 முதல் 5 மைக்ரான் வரை 102 நிறங்களில் முழு வானம். அதிலும் பிளவு, முப்பட்டகம் கிடையாது. டிடெக்டரின் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்குப் போகப் போக நிறம் மாறும் ஃபில்டர். வானம் அதன் மேல் நகர நகர ஒவ்வொரு இடத்துக்கும் நிறமாலை சேரும். 3.5 மைக்ரானில் சிதறிய வெயிலும் தூசியின் சொந்த வெப்பமும் கைமாறும் இடம் அதன் வரம்புக்கு நடுவில் வருகிறது, ஆறு மாதத்துக்கு ஒருமுறை முழு வானத்தையும் முடித்து மறுபடி தொடங்குகிறது. நான் மேலே போட்ட அந்த 80க்கு 20 கணக்கில் உண்மையான எண்களை நிரப்ப முடிந்தால், அது அந்தத் தரவிலிருந்துதான் வரும்.